வால்வு ஆம்ப், மாடலர்: கையேட்டுக்கு இரண்டு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொல் மட்டும் நிற்கிறது: டியூப் ஆம்ப், ஆம்ப் மாடலர்.

டியூப் ஆம்பில் சூடேறிய கண்ணாடிக் குழாய்கள்தான் கிதாரின் மெல்லிய மின்னலையைப் பெருக்குகின்றன. அளவுக்கு மீறி முடுக்கினால் அலையின் முகடு மழுங்கிக் கரகரக்கும். பொறியாளருக்கு அது குறை, கிதார்காரருக்கு அதுதான் உயிர். ஆனால் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஒன்றே ஏறத்தாழ 29 கிலோ. கச்சேரிக்குக் கச்சேரி அதை வண்டியில் ஏற்றி இறக்குவது யார்? அதனால் பலரும் மாடலருக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கரகரப்பைக் கணக்குப் போட்டே உண்டாக்கும் பெட்டி அது, தோள்பையில் அடங்கிவிடும். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்', 2011இல் கெம்பர், 2015இல் ஹெலிக்ஸ் என்று வளர்ந்து வந்திருக்கிறது.

'குழாய் ஒலிபெருக்கி', 'எண்ணிம மாதிரியாக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

புதுவயலிலிருந்து:

தம்பி, குழாய் ஒலிபெருக்கி என்றால் இந்தப் பக்கம் கோயில் வேப்பமரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரைத்தான் நினைப்பார்கள். மைக்செட் தொழில் எங்களுக்கு அப்பா காலத்திலிருந்து. அப்போது வைத்திருந்தது வால்வு செட். வீட்டில் பாட்டுக் கேட்டது வால்வு ரேடியோ. குழாய் ரேடியோ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வால்வு என்றே போடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

வால்வு என்று போடுவதற்குக் கையேடு எதற்கு? 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியத்தில் வடசொல்லுக்கே வேலி போட்ட மொழி இது. ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் வாசலைத் திறந்து வைப்பதா?

குழல், குழாய், குழி, குழை எல்லாம் உட்டுளை என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை. காதில் அணியும் குழையும் அப்படித்தான், துளையுள்ள வளையம். வள்ளுவர் 'குழல்இனிது' என்றபோது அதிலேயே இசை வந்துவிட்டது. தம்பி சொல்வதைப் பார்த்தால் சூடேறினால்தான் இந்தக் குழாய் வேலை செய்யும். வெம்மை + குழல் = வெங்குழல். வெங்குழற் பெருக்கி. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா?

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நான் 'வெங்குழல்' என்று சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் 'வெண்குழல்' என்று எழுதி, பக்கத்தில் டியூப்லைட் படம் போட்டுவிடுவார்கள். இயற்பியல் நடத்துகிறவள், அனுபவித்துச் சொல்கிறேன். அப்புறம், நீங்கள் காட்டிய அதே நூற்பா 'எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று முடிகிறது. நம் எழுத்துக்கு இசைந்து வந்தால் உள்ளே வரலாம் என்றுதானே பொருள்? வால்வில் அயலெழுத்து ஏது? கல்வி, செல்வம் போல லகரமும் வகரமும் சேர்ந்து நிற்கின்றன.

என் கவலை இரண்டாவது சொல். 'மாதிரி' கூடவே கூடாது. ஒலியை எண்ணாக்கும்போது நொடிக்கு 48,000 தடவை அலையின் அளவை எடுக்கிறார்கள், அதற்குப் பாடநூலில் மாதிரி எடுத்தல் என்று பெயர். மாடலுக்கும் மாதிரி, சாம்பிளுக்கும் மாதிரி என்றால் 'மாதிரியாக்கியின் மாதிரி வீதம்' என்று எழுத வேண்டி வரும். படிக்கிறவன் கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான்.

தேவகோட்டையிலிருந்து:

மாதிரி வேண்டாம் என்பதில் அம்மாவோடு உடன்படுகிறேன். இலக்கணமே நமக்கு ஒரு சொல் தந்திருக்கிறது: போலி. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாவிட்டால் அது போலி. அறம் அறன் ஆகும், நிலம் நிலன் ஆகும். குழல் நின்ற இடத்தில் மாடலரின் மின்னணுச் சில்லு நின்றும் ஓசை மாறவில்லை. போலிப் பெருக்கி. இலக்கணம் படித்தவன் மறுக்க முடியாது.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, இலக்கணம் படிக்காதவர்தான் கச்சேரிக்கு முன்பணம் தருகிறார். 'போலிப் பெருக்கியில் வாசிக்கிறோம்' என்று சொன்னால் பாதிப் பணம்தான் கைக்கு வரும்.

கோட்டையூரிலிருந்து:

சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் கருவியைப் பற்றியும் சொல்கிறேன். 1904இல் ஃப்ளெமிங் செய்தது இருமுனை வால்வு. சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான் எதிர்முனைக்குப் போகும், திரும்பி வராது. ஒருவழிக் கதவு, அதனால்தான் இங்கிலாந்தில் அந்தப் பெயர். 1906இல் டி ஃபாரஸ்ட் நடுவே மூன்றாவது முனையைச் சேர்த்தார். பின்னால் பெருக்கி பிறந்தது அதிலிருந்துதான். குழாய் என்பது வெளியே தெரியும் கூடு, வால்வு என்பது உள்ளே நடக்கும் வேலை. நான் புதுவயல் பக்கம்.

மாடலர் போலியா என்றால், அது வெறும் ஓசையை நகலெடுப்பதில்லை. விரல் மெதுவாகப் பட்டால் தெளிவாகவும் அழுத்திப் பட்டால் கரகரப்பாகவும் பேச வேண்டும். வால்வு பெட்டியில் ஒரு தந்தியை ஓங்கி அடித்தால் மின்வழங்கி ஒரு கணம் தளர்ந்து பிறகு நிமிரும், அந்தத் தளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஊர்த் திருவிழாவில் மின்னழுத்தம் குறைந்தால் வால்வு பெட்டியின் சுதி மாறாது, குணம் மாறிவிடும். மாடலர் அதைச் சட்டை செய்யாது. ஆகவே அசலுக்கு ஈடு என்ற பொருளில் 'நிகரி' என்று வைக்கலாமே.

புதுவயலிலிருந்து:

மின்னழுத்தம் குறைந்தால் மாடலர் சட்டை செய்யாது, சரி. மொத்தமாகப் போனால் இரண்டும் ஊமைதான். ஜெனரேட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் தம்பி.

தேவகோட்டையிலிருந்து:

நிகர் என்றால் சமம். அப்படியானால் சந்தையில் இன்னும் வால்வு பெட்டிக்கு ஏன் மதிப்பு? போலிக்கு இழிவு எதுவும் இல்லை என்பதற்கு இன்னொரு சான்று: இல்முன் என்பது முன்றில் ஆனதை இலக்கணப்போலி என்கிறோம். முன்றிலில் உட்கார்ந்த யாரும் போலி வீட்டில் உட்கார்ந்ததாக நினைத்ததில்லை.

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, நம் பக்கத்து வீடுகளில் முகப்பு உண்டு, வளவு உண்டு, பட்டாலை உண்டு. முன்றிலை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். முன்றில் முகப்பா, அதற்கும் வெளியே உள்ள இடமா?

(இதன்பின் முகப்பு, திண்ணை, முற்றம் என்று எட்டு மடல்கள். அவற்றைத் தனி இழையில் தொடரும்படி கோட்டையூர்க்காரர் கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.)

காரைக்குடியிலிருந்து:

நாளைக் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் சொன்னபடி வால்வுப் பெருக்கி, நிகரிப் பெருக்கி என்று போடுகிறேன். ஸ்பீக்கரோடு குழம்பாமலிருக்க 'ஒலி'யை எடுத்துவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் மாடலர் என்றும் சேர்த்துவிடுகிறேன், கடையில் போய்க் கேட்க அதுதான் உதவும். 'போன்மி' என்று ஒருவர் தனிமடலில் சொல்லியிருந்தார். அதைப் பிள்ளைகள் மீமுக்குச் சொல்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

போடுங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஆனால் நிகரிப் பெருக்கியில் ஒற்று எப்படி மிகுந்தது? ஒலிபெருக்கியில் மிகவில்லையே.

பள்ளத்தூரிலிருந்து:

உருப்பெருக்கியில் மிகுகிறதே ஐயா. நிகரியாகிய பெருக்கி என்று இருபெயரொட்டாகக் கொண்டால் மிகும்.

தேவகோட்டையிலிருந்து:

நிகர்பெருக்கி என்று வினைத்தொகையாக வைத்தால் ஒற்றும் வேண்டாம், ஓர் எழுத்தும் மிச்சம். தம்பி, அச்சகத்தில் கொடுத்தாகிவிட்டதா?