கவி டிக்கெட் எந்தத் தேதிக்கு?

சித்ரா அத்தை: கவி, தாத்தா முதல் வருஷத் திதி ஜூன் 14 ஞாயிறு. வர முடியுமா?

கவி: 12 வெள்ளி இங்கே சுதந்திர தினம், லீவு அத்தை. வியாழன் இரவு பிலிப்பைன்ஸில் தாவோவிலிருந்து கிளம்பினால் சிங்கப்பூர் வழியாக வந்துவிடலாம்.

குமார் சித்தப்பா: பிலிப்பைன்ஸுக்கு ஜூலை 4 இல்லையா? 1946 என்று படித்த நினைவு. விசாரித்துவிட்டு டிக்கெட் போடு.

கவி: 12தான் சித்தப்பா. காலண்டரில் சிவப்பு.

பெரியப்பா: இரண்டு தேதியும் உண்மைதான் குமார். 1565 முதல் ஸ்பெயின் ஆட்சி. 1898 ஜூன் 12 அன்று புரட்சிப் படைத் தலைவர் எமிலியோ அகினால்டோ காவிட் ஊரில் தன் வீட்டில் கொடியேற்றி விடுதலையை அறிவித்தார். மணிலாவையும் அவர் படை சுற்றி வளைத்திருந்தது. ஆனால் ஸ்பானியர்கள், அப்போது தங்களோடு போரில் இருந்த அமெரிக்கர்களோடு முன்பே பேசி வைத்து, ஆகஸ்டில் ஒப்புக்கு ஒரு சண்டை போட்டு, நகரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். அகினால்டோ படைக்கு உள்ளே நுழையவே அனுமதி இல்லை.

அம்மா: ஐயருக்குச் சொல்லியாச்சா மாமா?

பெரியப்பா: சொல்கிறேன் செல்வி. அந்த டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம். 2 கோடி டாலருக்கு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்கு நாடே கைமாறியது. அகினால்டோ அனுப்பிய தூதர் பெலிப்பே அகோன்சில்யோவைப் பேச்சுவார்த்தையில் சேர்க்கவே இல்லை. யாருடைய மண்ணோ அவர்களையே கேட்கவில்லை!

சித்ரா அத்தை: தோப்பை விற்றபோது எங்களை யார் கேட்டார்கள் அண்ணா?

குமார் சித்தப்பா: அக்கா, இங்கே வேண்டாம்.

மீனா: 🙏

பெரியப்பா: நேரில் பேசுவோம் சித்ரா. அப்புறம் அமெரிக்காவோடு போர், தோல்வி. 1946 ஜூலை 4, தன் சுதந்திர தினத்தன்றே அமெரிக்கா விடுதலை கொடுத்தது. 1962இல் அதிபர் மக்கபகல் கொண்டாட்டத்தை ஜூன் 12க்கு மாற்றினார். அதுதான் நியாயம். அவர்களே அறிவித்த நாள் அது.

கவி: இங்கே ஊருக்கு ஊர் தேசிய வீரர் ரிசால் சிலை பெரியப்பா. கண் டாக்டர் அவர். தன் அம்மாவுக்கே கண் ஆபரேஷன் செய்தவர். 1896இல் ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றபோது வயது 35தான்.

மீனா: அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டார்.

அம்மா: அப்பத்தா கண்புரைக்கு யார் கூட்டிப் போவது? மூன்று மாதமாகத் தள்ளுகிறோம்.

குமார் சித்தப்பா: திதி முடியட்டும் அண்ணி.

சித்ரா அத்தை: எப்போதும் இதே பதில்.

பெரியப்பா: கவி, 1762இல் மதராஸிலிருந்து போன பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. அதில் இருந்த சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் கயின்டாவில் தங்கிவிட்டார்கள். வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். போய்ப் பார்.

கவி: அது மணிலா பக்கம் பெரியப்பா, நான் வேறு தீவு. கட்டாயம் ஒருநாள் போவேன்.

குமார் சித்தப்பா: 11 இரவா, 12 காலையா? விலை ஏறுகிறது.

கவி: சனிக்கிழமை பிராக்டிகல் வைத்தாலும் வைப்பார்கள். கேட்டுச் சொல்கிறேன்.

சித்ரா அத்தை: திதி ஊர் வீட்டிலா, அண்ணன் வீட்டிலா? அதையாவது சொல்லுங்கள்.

அம்மா: ஐயர் போனை எடுக்கவில்லை.