எங்கள் வாசகசாலையில் அதிகம் எழுதியவர் ‘மேற்படி’

படிக்கட்டு:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்கு நூறு வயது நெருங்குகிறது. நூல்களைப் பதிந்த பேரேடு நான்கு. போன வருடம் வெளியில் ஓர் ஆளிடம் கொடுத்து எக்செல்லில் ஏற்றி வாங்கினோம். திறந்து பார்த்தால், எங்களிடம் அதிகப் புத்தகம் எழுதியவர் திருவாளர் மேற்படி! 1,300 தலைப்பு.

பழைய எழுத்தர், ஒரே ஆசிரியரின் நூல்கள் அடுத்தடுத்து வந்தால் முதல் வரியில் மட்டும் பெயரை எழுதிவிட்டு, கீழே ௸ ௸ என்று சுழித்துக்கொண்டே போவார். தாளில் குழப்பமே கிடையாது. கண் தானாக மேலே போய்விடும். தட்டச்சு செய்தவர் சுழியைச் சரியாகப் படித்து ‘மேற்படி’ என்றே அடித்திருக்கிறார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். அப்புறம் யாரோ மொத்தத்தையும் அகரவரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார்கள்.

இன்னொன்று: விலைக் கட்டத்தில் 2-4-6 என்று இருந்தது, அதாவது 2 ரூபாய் 4 அணா 6 பை. எக்செல் அதை 2006 ஏப்ரல் 2 ஆக்கிவிட்டது. 0-12-0 மாதிரி, தேதியாகப் படிக்க முடியாத சில விலைகள் மட்டும் தப்பின. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டுமா?

மைக்கூடு:
வேண்டாம். பதிவெண் கட்டம் இருக்கிறதா? அதன்படி வரிசைப்படுத்தினால் பேரேட்டின் வரிசை திரும்பிவிடும். பிறகு பக்கத்தில் புதுக் கட்டம் ஒன்று போட்டு, மேற்படி வரும் இடத்தில் மேல்வரிப் பெயரை நிரப்புங்கள். பழைய கட்டத்தைத் தொடாதீர்கள். பேரேட்டில் இருந்தது ஒன்று, நாம் புரிந்துகொண்டது ஒன்று. இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

விலைக்கு, அந்தத் தேதியில் உள்ள நாளை ரூபாயாகவும் மாதத்தை அணாவாகவும் ஆண்டின் கடைசி இலக்கங்களைப் பையாகவும் படித்தால் மீட்டுவிடலாம். இனிமேல் அடிக்கும் முன்பே கட்டத்தை ‘உரை’ என்று மாற்றிவிடுங்கள்.

படிக்கட்டு:
பதிவெண் இருக்கிறது! இவ்வளவு எளிதா, நான் இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரு துணைக்கேள்வி: இரண்டாம் பேரேட்டில் தேதியெல்லாம் ‘சுக்கில ௵ ஆவணி ௴’, அதாவது சுக்கில வருடம் ஆவணி மாதம், என்று இருக்கிறது. ஆங்கில வருடமே இல்லை.

ஓலைச்சுவடி:
சுக்கில 1929-30லும் வரும், 1989-90லும் வரும். விலையைப் பாருங்கள். அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். பதிவுகள் அணாவில் இருந்தால் 1929தான். உங்கள் தொல்லை கொடுத்த கட்டமே சாட்சி சொல்லும்.

ஒரு வேண்டுகோள்: எக்செல்லோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் படமெடுத்து வையுங்கள். ‘கறையான் அரித்தது, நீக்கம்’ போன்ற சிவப்பு மைக் குறிப்புகள் ஓரத்தில்தான் இருக்கும். தட்டச்சில் முதலில் தொலைவதும் அவைதான். படத்தின் பெயரில் பேரேட்டு எண், பக்க எண் போதும். பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்பார்கள். இன்னொரு இடத்தில் பட்டியலாவது இருந்தால் எதைத் தேடுவது என்றாவது தெரியும்.

மைக்கூடு:
பக்கத்தின் முதல் வரியே ௸ ஆக இருந்தால் முந்தின பக்கத்துக் கடைசி வரியைப் பாருங்கள். பேரேட்டில் கோடு போட்டு அடித்த வரியையும் வரிசையில் விட்டுவையுங்கள்; அடுத்த மேற்படி அதைத்தான் சுட்டும்.

படிக்கட்டு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 17 தவிர மற்ற மேற்படிகளுக்கெல்லாம் பெயர் கிடைத்துவிட்டது. மூன்றாம் பேரேட்டில் ஒரு தாளே இல்லை. அடுத்த பக்கம் ௸ என்றுதான் தொடங்குகிறது. அந்த எண்களை அலமாரியில் தேடினோம். 9 புத்தகம் அகப்பட்டது, ஒன்பதும் ஒரே ஆசிரியர். மீதி 8ம் அவருடையதாகத்தான் இருக்கும் என்கிறார் எங்கள் செயலாளர். இருக்கலாம். நான் புதுக் கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்பில் ‘தாள் இல்லை’ என்று போட்டிருக்கிறேன்.