சின்ன வெப் சர்வருக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

மின்மினி:
வணக்கம். ஒரு வேர்ட்பிரஸ் தளம், பைத்தானில் எழுதிய சின்னத் தேடல் செயலி, அதற்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஓடவேண்டியது இவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சில நூறு பேர் வருவார்கள், புதுப் பதிவு போட்ட அன்று கொஞ்சம் கூடும். படங்கள் எல்லாம் சேர்த்து 40 ஜிபி. இப்போது இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பைத்தான் செயலியை ஓட்ட வழியில்லை. அதனால் வீட்டிலேயே வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

கையில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு. அது போக ராஸ்பெர்ரி பை 5, என்100 சிப் போட்ட மினி பிசி, அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சின்ன ஐ5 பெட்டிகள், மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் இரண்டு ஜியான் சர்வர் சிப், 64 ஜிபி ராம் கொண்ட பழைய ரேக் சர்வரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது? செலவு குறைவாக இருக்கவேண்டும், வைத்துவிட்டால் அடிக்கடி தொடக்கூடாது.

நள்ளிரவு:
ரேக் சர்வர் வேண்டவே வேண்டாம். அந்த விசிறிச் சத்தத்தோடு ஒரே அறையில் தூங்கமுடியாது. பை 5 போதும்.

பழையபெட்டி:
ரேக் சர்வர் விஷயத்தில் நானும் அதே கட்சி. சும்மா கொடுத்தாலும் அது விலை அதிகமான பெட்டிதான். 1 வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். வேலையில்லாமல் நிற்கும்போதே 120 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 1,051 யூனிட். ஐ5-6500டி மாதிரி சிப் உள்ள அலுவலகப் பெட்டி சும்மா இருக்கையில் 10 வாட் அக்கம்பக்கம்தான், அதாவது 88 யூனிட். சிப்பின் மேல் 6 வாட், 35 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது பாரம் ஏறும்போது வரும் வெப்பத்துக்கான கணக்கு. உங்கள் தளம் பெரும்பாலான நேரம் யாராவது வருவார்களா என்று காத்துக்கொண்டுதான் இருக்கும்.

பை 5 நல்ல பலகைதான். ஆனால் பலகை விலையை மட்டும் பார்க்காதீர்கள். 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடாப்டர், கூலர், உறை, எஸ்எஸ்டி மாட்ட ஒரு துணைப் பலகை, அப்புறம் அந்த எஸ்எஸ்டி, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பழைய ஐ5 பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மெமரி கார்டிலேயே டேட்டாபேஸை ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சின்னச் சின்னதாய் ஓயாமல் எழுதும் வேலைக்குச் செய்த பொருள் இல்லை அது.

சிப் வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், நீங்கள் சொன்ன நான்கில் எதுவும் தாங்கும். ராம் கணக்கும் எளிது. வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி வொர்க்கர் ஒன்று 50 எம்பி என்று வைத்தால் பத்துக்கு 500. மரியாடிபி (வேர்ட்பிரஸுக்கான டேட்டாபேஸ்), போஸ்ட்கிரெஸ் இரண்டும் பஃபருக்குத் தாமாக எடுத்துக்கொள்வது ஆளுக்கு 128. ஆக 8 ஜிபியில் பாதிக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தில் லினக்ஸ் உங்கள் படங்களை வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்குப் போகும் வேலையும் குறையும்.

என் ஓட்டு பழைய அலுவலகப் பெட்டிக்கு. வாங்கும்போது பார்க்கவேண்டியவை சில உண்டு. முதலில் பயாஸில் (பெட்டியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து, பெட்டியோடு வந்த அடாப்டர் கையில் இருக்கவேண்டும். சில பெட்டிகள் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் சிப்பின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும், எதனால் என்று புரியாமல் நீங்கள் மென்பொருளைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ தெரியாது, புதிது போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பயாஸில் ‘கரண்ட் திரும்பியதும் தானாக எழு’ என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்தாகவேண்டும். ஆனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போன நிமிடமே பயாஸ் அதை மறந்துவிடும். திரும்பி வரும்போது ‘எஃப்1 அழுத்து’ என்று திரையில் எழுதிவிட்டு அப்படியே நிற்கும், உங்கள் சர்வரில் திரையே இருக்காது. பத்து வருடப் பெட்டி என்றால் அந்தப் பேட்டரியை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

தூண்டில்:
எல்லோரும் பெட்டியையே பேசுகிறீர்கள். அப்லோடு வேகம் எவ்வளவு? 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) என்றால் நொடிக்கு 1.25 எம்பி. 2 எம்பி பக்கம் ஒருவருக்கே ஒன்றரை நொடிக்கு மேல், பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் 16 நொடி. ஜியான் வைத்தாலும் இது மாறாது.

அப்புறம் ரவுட்டரில் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (இணைய நிறுவனம் ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கிடும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து ஐபிவி4-இல் யாரும் நேராக வரமுடியாது. அதைத் தாண்ட எப்படியும் ஒரு விபிஎஸ் (வெளியில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்கவேண்டிவரும் என்றால், பேசாமல் தளத்தையே அங்கே வைத்துவிடலாமே?

மின்மினி:
பார்த்தேன். ஐபி 100.82 என்றுதான் தொடங்குகிறது. அப்லோடு 20 எம்பிபிஎஸ். பிளக் மீட்டர் வைத்து டெஸ்க்டாப்பையும் அளந்தேன்: கிராபிக்ஸ் கார்டோடு 61 வாட், கழற்றியபின் 36.

பழையபெட்டி:
கார்டைத் திரும்ப மாட்டாதீர்கள். 36-க்கும் 10-க்கும் வித்தியாசம் 26 வாட், ஆண்டுக்கு 228 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, பெட்டியின் விலையை அதால் வகுங்கள். மூன்று வருடத்துக்குள் ஈடாகும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் டெஸ்க்டாப்பில் ஒரு புது எஸ்எஸ்டி மட்டும் போட்டு இப்போதே ஆரம்பித்துவிடலாம். பிறகு மனம் மாறினால் அதே எஸ்எஸ்டியைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

தூண்டில் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் 40 ஜிபி படம், இரண்டு டேட்டாபேஸ் எல்லாம் தாங்கும் விபிஎஸ் வேறு, வழிவிடுவதற்கு மட்டும் இருக்கும் விபிஎஸ் வேறு. இரண்டாவதற்கு 512 எம்பி ராமே தாராளம்.

தூண்டில்:
சரி, அப்படியென்றால் வீட்டுக்கும் விபிஎஸ்ஸுக்கும் இடையில் வயர்கார்டு விபிஎன் போடுங்கள். வீட்டுப் பக்கம் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) 25 நொடி கட்டாயம், இல்லாவிட்டால் போக்குவரத்து இல்லாத நேரத்தில் நாட் அந்த இணைப்பை மறந்துவிடும். வருபவரை வீட்டுக்கு அனுப்ப விபிஎஸ்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்தால் வந்தவரின் உண்மையான ஐபியை ஹெடரில் அனுப்பச் சொல்லுங்கள். மறந்தால் வேர்ட்பிரஸுக்கு எல்லா வாசகரும் ஒரே முகவரியில் இருந்து வருவதாகத்தான் தெரியும். ஒரு ஸ்பாம் ஆசாமியைத் தடுக்கப்போய் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிடுவீர்கள்.