கண்டிக்கோட்டை, பேலம் குகை, லேபாட்சி: மூன்று நாளில் வண்டியில் சென்றுவர முடியுமா?

கேள்வி (ஆவடிவாசி):
அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதத்தில் நானும் என் தம்பியும் ஆவடியிலிருந்து 150 சிசி வண்டியில் கிளம்பி, ஆந்திராவிலுள்ள இந்த மூன்று இடங்களையும் பார்த்துவர எண்ணியுள்ளோம். இரவில் ஓட்டுவதாக இல்லை. எந்த வரிசையில் செல்வது, எதையாவது விட்டுவிட வேண்டியிருக்குமா என்பதை ஏற்கெனவே போய்வந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (வடபெண்ணை):
லேபாட்சியை விட்டுவிடுங்கள். சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அந்தக் கோயிலூர் இந்துப்பூர் பக்கம் இருப்பதால், பெங்களூருக்குப் போகும் வேறொரு பயணத்தில் சேர்த்துக்கொள்வதே நல்லது. திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிக்கோட்டை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் இருக்கும். விடிந்ததும் புறப்பட்டால் வெயில் சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம். விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட பெம்மசானி நாயக்கர்கள் ஆண்டுவந்து, 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லாவிடம் இழந்த கோட்டை அது. மாதவராயர் கோயிலும் ஜாமியா மசூதியும் தானியக் களஞ்சியமும் நடந்தே பார்க்கும் தொலைவில் இருக்க, கோட்டைக்குள் ஊரும் இன்றுவரை இருக்கிறது. மசூதிக்குப் பின்னால் பாறைகளைத் தாண்டிப் போனால், வடபெண்ணையாறு அறுத்த பள்ளத்தாக்கு சட்டென்று காலடியில் திறக்கும். நம் தென்பெண்ணை பிறக்கும் அதே நந்திமலைப் பகுதியில்தான் இந்த ஆறும் பிறக்கிறது. விளிம்பில் தடுப்புக் கம்பிகளை எதிர்பார்க்க வேண்டாம். தம்பியின் கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

மறுமொழி (கல்லும் மண்ணும்):
பள்ளத்தாக்கையும் குகையையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல ஏற்பாடு, ஏனெனில் இரண்டையும் நீர்தான் உண்டாக்கியது, ஆனால் வேலை செய்த விதம் வேறு. கண்டிக்கோட்டையில் இருப்பது மணற்கல் இறுகி உருவான, கடினமான குவார்ட்சைட் பாறை என்பதால், அது கரையாமல் விரிசல்களின் வழியே கட்டிகட்டியாக உடைந்து, செங்குத்துச் சுவராக நிற்கிறது. அறுபது கிலோமீட்டர் அளவு தள்ளியுள்ள பேலத்தில் சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர் அதைக் கரைத்துக் குடைந்ததில் 3,229 மீட்டர் நீளமுள்ள குகை உருவாகியிருக்கிறது. 1884இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் இதைக் குறிப்பிட்டிருந்தும், கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு 1982, 83இல் உள்ளே சென்று அளந்த பிறகே முழு அளவு தெரிந்தது. குகையின் அடியாழத்தில் நீரோடும் பாதாள கங்கை வரை இறங்கும்போது மார்கழியிலும் சட்டை நனையும் அளவுக்குப் புழுக்கம் இருக்கும். நம் சமையலறை மேடைகளில் கிடக்கும் கடப்பாக் கல்லும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். வயல்களுக்குக்கூட அதே பலகைகளை நட்டு வேலியாக வைத்திருப்பார்கள். கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிச் செல்லாதீர்கள், தூசியில் எதிரே எதுவும் தெரியாது.

ஆவடிவாசி:
இருவருக்கும் நன்றி. லேபாட்சியை விட்டால் இரண்டாம் நாள் மாலை மிச்சமாகிறதே, அதை எப்படிப் பயன்படுத்தலாம்?

மறுமொழி (வடபெண்ணை):
பேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் தாடிபத்திரி இருக்கிறது. அங்குள்ள புக்கா ராமலிங்கேசுவரர் கோயிலும் சிந்தால வேங்கடரமணர் கோயிலும் அதே பெம்மசானி நாயக்கர்கள் எழுப்பியவை. ராமலிங்கேசுவரர் கோயிலின் கோபுரங்கள் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டன, ஆனாலும் அடிமுதல் விளிம்புவரை ஓர் அங்குலம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் லேபாட்சிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மாலையில் நடை திறந்ததும் இரண்டையும் பார்த்துவிட்டு அவ்வூரிலேயே தங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் முழுவதும் திரும்பும் ஓட்டத்துக்கே சரியாக இருக்கும்.