பனி அள்ளும் வண்டி போன பிறகு: உங்களுக்கு நடந்தது என்ன?

போன வாரம் விடிகாலை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், பனி அள்ளும் வண்டி தெருவை வழித்துவிட்டு உப்பும் தூவிவிட்டுப் போயிருந்தது. தார் கறுப்பாகத் தெரிந்தது. சரி என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கறுப்பை நம்பியது என் தவறு.

வெளியே மைனஸ் 14 டிகிரி. சாதாரண உப்பு மைனஸ் 9, 10க்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. உருகிய கொஞ்சநஞ்ச நீரும் மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி தாரோடு ஒட்டிக்கொள்ளும். பாலங்களில் இது இன்னும் மோசம். அடியில் மண்ணின் சூடு கிடையாது, மேலும் கீழும் குளிர்காற்று. பாலத்தில் ஏறினேன், டயர் சத்தம் சட்டென்று நின்றுபோனது. ஸ்டியரிங் காகிதம் போல லேசாகிவிட்டது. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

வண்டியின் பின்பக்கம் விலகியது. கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. நல்லவேளை, அழுத்தவில்லை. ஆக்சிலரேட்டரிலும் கால் வைக்காமல், போக வேண்டிய பாதையை மட்டும் பார்த்து மெதுவாகத் திருப்பினேன். பக்கச் சுவரைப் பார்த்திருந்தால் கையும் அங்கேதான் போயிருக்கும். இரண்டு, மூன்று நொடிதான். இறங்கிய பிறகும் முழங்கால் நடுங்கியது.

* * *

படிக்கும்போதே பதறிப்போனேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நடந்தது வண்டி ஓடும்போது இல்லை, வாசலில் நிற்கும்போது.

தெருவோரம் நிறுத்தியிருந்த காரை, அள்ளும் வண்டி தள்ளிய பனி பின்பக்கம் பாதிவரை மூடிவிட்டது. மகளை உள்ளே உட்காரவைத்து, சூடாக இருக்கட்டும் என்று எஞ்சினைப் போட்டுவிட்டு முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து "தலை வலிக்குதும்மா" என்றாள். அப்புறம்தான் பின்னால் போய்ப் பார்த்தேன். புகைக்குழாய் பனிக்குள் முழுக்கப் புதைந்திருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் காருக்குள் ஏறியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

தயவுசெய்து, சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அந்தக் குழாயைச் சுற்றிப் பனியை அள்ளுங்கள். கண்ணாடியெல்லாம் பிறகு.

* * *

அம்மா, குழந்தை தேறிவிட்டாள் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. நான் அந்தப் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறவன். ஏழு குளிர்காலமாக.

வீட்டு வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகிறோம் என்று நிறையப் பேருக்குக் கோபம். வண்டியின் முன்னால் இருக்கும் தகடு பனியைப் பக்கவாட்டில்தான் தள்ளும். சாலையோரம் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே விழும், தூக்கிவிட்டுப் போக வழியில்லை. ஒன்று செய்யலாம். எங்கள் வண்டி வரும் திசையில், வாசலுக்கு முன்னாலேயே ஓரத்தில் கொஞ்ச இடத்தை வழித்து வையுங்கள். தகட்டில் இருக்கும் பனி பெரும்பாலும் அந்தக் குழியில் கொட்டிவிடும், வாசலுக்கு வருவது குறையும். அள்ளும்போது தூக்கி வீசாமல் தள்ளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும், இதயத்துக்கு அது பெரிய பாரம்.

எங்களை ஒட்டிப் பின்னால் வராதீர்கள். தகடு கிளப்பும் பனித்தூளில் எனக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாது. முந்தவும் வேண்டாம். எங்களுக்கு முன்னால் இருப்பது வழிக்காத சாலை.

போன மாதம் ஒரு சந்திப்பில் பனியை ஒதுக்கப் பின்னால் எடுத்தேன். ஹாரன் கேட்டு நிறுத்தி இறங்கிப் போனேன். இரண்டு அடி தள்ளி ஒரு கார். கூரையில் பனி அப்படியே இருந்தது, முன்விளக்கும் மூடியிருந்தது. ஓட்டியவர் கண்ணாடியில் தன் முகம் அளவுக்கு மட்டும் ஒரு வட்டம் சுரண்டியிருந்தார். என் பிரஷ்ஷை எடுத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காரை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.