புதுப்பிப்பு: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பதக்கங்கள்

தாத்தா காலமானதைச் சொல்லி, அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த இரண்டு பதக்கங்கள் எவை என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. நட்சத்திர வடிவில் இருப்பது பஸ்சிமி ஸ்டார்; 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு அளிக்கப்பட்டது. கிழக்கு முனைக்கு, அதாவது இன்றைய வங்கதேசப் பக்கத்துக்கு, பூர்வி ஸ்டார். வட்டமானது, அதே போருக்காக இரு முனைகளுக்கும் பொதுவாக அளிக்கப்பட்ட சங்கிராம் பதக்கம். அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்தது நல்லதாயிற்று. விளிம்பில் அவருடைய படை எண் பொடி எழுத்தில் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் அவரை வங்கதேசம் போய் வந்தவர் என்றே சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் தாமிரபரணியில் எங்களுக்கு நீச்சல் பழக்கும்போது மட்டும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 'வீர மதராஸி, அடி கொல்லு' முழக்கத்தைப் போடுவார். படித்துறையே திரும்பிப் பார்க்கும். ஆச்சிக்கு முழங்கால் வலி வந்தபின் அடுக்களை அவர் வசம். சொதிக் குழம்புக்குத் தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனிச் செம்பில் எடுத்து வைப்பார். யாரும் கைவைக்கக் கூடாது! அவருடைய பட்டாள ஒழுங்கை நான் கண்டது அங்கேதான்.

மேற்கு முனை விஷயம் ஆச்சிக்கு முன்பே தெரியுமாம். யாரும் கேட்கவில்லையே என்றார்.

குடும்ப ஓய்வூதியம் பற்றி விசாரித்தவர்களுக்கு: ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் ஆச்சியின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் திருத்தம் கேட்டிருக்கிறோம். முடிந்ததும் எழுதுகிறேன்.