100 பவுண்ட் மர ரீகர்வ் வில் நம்ம சிங்கப்பூர் ஈரத்துல தாங்குமா?

ஈசூன்வாசி: அண்ணே யாராச்சும் சொல்லுங்க, ஹிக்கரிங்கற கெட்டி மரப் பலகையில கையாலயே 100 பவுண்ட் இழுவிசை உள்ள ரீகர்வ் (நுனி ரெண்டும் நாணுக்கு எதிர்ப்பக்கமா வளைஞ்ச வில்) செய்யுறேன், நுனிய சூடு காட்டி வளைச்சாச்சு, ஆனா டில்லர் பண்ணி (ரெண்டு பக்கமும் சமமா வளையுற மாதிரி செதுக்கி) நாணைக் கழட்டுனா லிம்ப் (வில்லோட கை) ரெண்டும் நாண் பக்கமாவே வளைஞ்சு நிக்குது. தடிமன் கூட்டி வேற செய்யவா?

பிடோக் ஆசாரி: தடிமன் கூட்டாதீங்க தம்பி. அது ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு ஏறும், ஆனா அதே வளைவுக்கு மரம் நசுங்குறதும் ரெண்டு மடங்காயிடும். அகலத்தக் கூட்டுங்க, பவுண்ட் ஏறும், மரத்துக்குப் பாரம் ஏறாது.

மரப்பித்தன்: அதவிட ஈரம்! நம்ம காத்துல சும்மா வச்ச மரமே 15 சதவீதம் ஈரத்துல நிக்கும், ஹிக்கரிக்கு 8 கிட்ட வேணும். டிஹியூமிடிஃபையர் போட்ட அலமாரியில வச்சு, ஈரமீட்டர்ல பாத்துட்டு அப்புறம் இழைங்க. பாதி காஞ்ச மரத்த இழுத்தா இப்படித்தான் படுத்துரும்.

பிடோக் ஆசாரி: ஆமா. 1545ல மூழ்குன மேரி ரோஸ்ங்கற இங்கிலாந்து போர்க்கப்பல்ல எடுத்த யூ மர வில்லுங்க பலது 100 பவுண்டுக்கு மேலதான், ஆனா அதெல்லாம் நேர் வில்லு. ரீகர்வ்ல நாண் கொஞ்சம் ஓரம் போனாலும் நுனி முறுக்கிக்கும், ஒவ்வொரு தடவ இழுக்கும்போதும் அதப் பாருங்க.

ஈசூன்வாசி: ரொம்ப நன்றிண்ணே, முதல்ல மீட்டர் வாங்குறேன்.